வலது காதுக்கு ஒரு ஹெட்ஃபோன்

அன்புள்ள பவானி,

நீ பெங்களூருக்குக் கிளம்பிப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்றுப் பகல் ஒரு மயில்கழுத்துக் கலர் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, பவானிகிட்ட சொல்லிடாதீங்க. அவ ஹெட்ஃபோன் பழசாயிடுச்சு. காதாண்ட இருக்கற மெத்தை பிஞ்சி பிஞ்சி கொட்டுது. புதுசா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன். கடையில போய் நின்னா தினுசு தினுசா தொங்குது, தல சுத்துது. அவ பாட்டு கேக்கணும், ஞாயித்துக்கெழம உக்காந்து கேம் ஆடணும், இங்க பக்கத்துலயே வேற வீடு கட்டிக்கினு இருக்காங்க, அந்த சத்தமும் உள்ள வரக்கூடாது. எதப் பாத்து வாங்கணும்னு எங்கம்மாவுக்குத்தான் தெரியும்னு அவ எப்பவும் சொல்லுவா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து, ஓரத்துக்குப் பிகோ அடித்துக் கொடுக்கிற ஒரு பொம்பிளையிடம், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஹெட்ஃபோனுக்கு யோசனை கேட்கிறார். "யோசிச்சு சொல்றேன் மாப்ளே" என்று வைத்துவிட்டேன். யோசித்தால் அது போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதாகவும் இல்லை, உனக்குச் சொல்ல வேண்டியதாக இருந்தது. சொல்லாதீங்க என்று அவர் கேட்டுக்கொண்டதை மீறிவிட்டேன், பார். உன் விஷயத்தில் ஒன்றை மறைத்துவைக்கும் வேலையை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன். இனிமேல் அது எனக்கு வராது. இந்தக் கடிதத்தை நீயும் மறைக்க வேண்டாம். உன்னோடு வேலை செய்கிறவர்களில் கைப்பிள்ளைக்காரிகள் இருந்தால் கட்டாயம் படிக்கக் கொடு.

உனக்கு அப்போது ஆறு வயது. தை மாதம். முகூர்த்தச் சேலைகள் நம் வீட்டில் வந்து குவிகிற சமயம். நம் தெருவில் நாலு பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, ஐந்தாவதாக உனக்கு வந்தது. இரண்டு தாடையும் உப்பி, முகமே மாறிப்போய்க் கிடந்தாய். எல்லாரும் செய்வது போல என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உனக்குப் போட்டேன், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். மூன்றாம் நாள் காலையில் பாயைவிட்டு எழுந்தவள் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தாய். "அம்மா, காதுக்குள்ள வண்டு கத்துதும்மா" என்றாய். "வீக்கம் வத்துனா வண்டும் போயிடும், படு" என்றேன். உன் அப்பா முசரவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டிக்குப் போவதற்கு முன்னால் அவர் கேட்டார், "டாக்டராண்ட ஒரு தபா காட்டிக்கினு வந்துடலாமா?" என்று. "அம்மன் வந்து இருக்குது, ஊசி கீசி போடக்கூடாது" என்று நான்தான் தடுத்தேன். அது முழு உண்மை இல்லை, பவானி. அன்று சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய கல்யாணச் சேலைகள் மெஷின் பக்கத்தில் அடுக்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் பகல் முழுவதும் போய்விடும் என்று என் மனசு கணக்குப் பார்த்தது. அந்தக் கணக்கின் மேல் அம்மன் பேரைப் போட்டு மூடினேன். வீக்கம் வடிந்தது. தலைசுற்றலும் நின்றது. வண்டு போய்விட்டதா என்று கேட்டேன், போய்விட்டது என்று தலையாட்டினாய். நானும் சேலைக்குத் திரும்பிவிட்டேன்.

வண்டு போகும்போது உன் இடது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது எனக்குத் தெரிய பத்து வருஷம் ஆயிற்று. பத்து வருஷமும் ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. உன் அப்பா பஸ்ஸில் கத்திக் கத்தி வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். பிகோ மெஷினுக்கு மேல் கேட்க வேண்டும் என்று நானும் உரக்கப் பேசுவேன். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம். சத்தமாகவே வாழ்ந்த குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு காது கேட்காதது எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் "பொண்ணுக்குக் கவனம் பத்தல" என்று எழுதி அனுப்பினார். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாய், சில நேரம் திரும்ப மாட்டாய். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் விருந்தாளிகள் இருக்கும்போது நாலு தடவை கூப்பிட்டும் நீ திரும்பவில்லை என்று எழுந்து வந்து உன் காதைப் பிடித்துத் திருகினேன். "இது காதா, இன்னாது இது?" என்று கேட்டேன். கம்மல் போட்ட இடத்தில் ரத்தம் துளிர்த்தது. எந்தக் காது என்று நீ இப்போது யோசிக்க வேண்டாம். நான் யோசித்து வைத்திருக்கிறேன். இடது காதுதான்.

நீ பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் சென்னையில் இருக்கும் உன் மாமா, ஆபீசில் மாற்றிவிட்டார்கள் என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதோடு ஸ்பீக்கர் ஒன்றுதான் வந்தது, அதன் ஜோடி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பாடம் போக நீ அதில் சிடி போட்டுப் பாட்டு கேட்பாய், கேமில் குமிழி உடைப்பாய், கார் ஓட்டுவாய். என் மெஷினுக்கும் உன் மேசைக்கும் நடுவே நாலடி தூரம். நான் மோட்டாரை மிதித்தால் உனக்குப் பாட்டு கேட்காது, நீ ஸ்பீக்கரை ஏற்றினால் எனக்குத் தலை வலிக்கும். "ஹெட்ஃபோன் வாங்கிக் குடும்மா, உன் பாட்டுக்கு நீ தெச்சிக்கினு இரு, என் பாட்டுக்கு நான் கேட்டுக்கினு இருக்கேன்" என்று நீ கேட்டபோது, வீட்டில் நிம்மதி வரட்டும் என்றுதான் சம்மதித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டேப் எல்லாம் ரிப்பேர் செய்து விற்கிற கரீம் பாய் கடைக்குப் போனோம். காதின் மேல் பஞ்சு வைத்த சின்ன ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கிவந்தோம். வீட்டுக்கு வந்து மாட்டியதும் "ஒரு பக்கம் வரலம்மா" என்றாய். மறுநாள் கொண்டுபோய் மாற்றினோம். அதிலும் ஒரு பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் கடைக்குள் நுழையும்போதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"பாய், பொம்பிளைங்கன்னா எதை வேணா தலையில கட்டிடலாம்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா? ரெண்டு தபா குடுத்தீங்க, ரெண்டும் ஓட்டை" என்று கடை வாசலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பாய் பதிலுக்குக் கத்தவில்லை. அந்த ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சுத்தமா வருதேம்மா" என்றார். புதிதாக ஒன்றைப் பிரித்து உன் தலையில் மாட்டிப் பாட்டைப் போட்டார்.

"எந்தப் பக்கம் வரல கண்ணு?"

"இந்தப் பக்கம், பாய்" என்று இடது காதைத் தொட்டாய்.

அவர் அதைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, வலதை இடதாக்கி மறுபடி மாட்டினார். "இப்ப சொல்லு, எந்தப் பக்கம் வரல?"

"இதே பக்கம்தான்."

பாய் பாட்டை நிறுத்தினார். என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "தங்கச்சி, மனசக் கெட்டியா வெச்சிக்க. மாலுல பழுது இல்ல. பொண்ண ஒரு காது டாக்டராண்ட கூட்டிக்கினு போ" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. ஹெட்ஃபோனில் பழுது இருந்தால், திருப்பிப் போட்டதும் பழுது மறுபக்கம் போயிருக்க வேண்டும். அது அசையாமல் அதே பக்கம் நிற்கிறது. இதை மனசுக்குள் சேலையின் உள்புறம் வெளிப்புறம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீதான் என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தாய். "ஏம்மா அழுவுற? எப்பவும் இப்படித்தானே இருந்திருக்குது, எனக்கே இப்பத்தான் தெரியுது. ஒரு காது கேக்கறதுக்கு, இன்னொண்ணு கம்மல் போடறதுக்குன்னு நெனச்சிக்க" என்று நீ விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு அது விளையாட்டாக விழவில்லை.

காது டாக்டரம்மா உன்னை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தார். இடது காதில் ஒன்றுமே மிச்சமில்லை, வலது காது முழுசாக நன்றாக இருக்கிறது என்றார். பொன்னுக்கு வீங்கி, காதில் வண்டு, தலைசுற்றல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சேலைகளைப் பற்றியும் சொன்னேன். "அன்னிக்கே நீங்க வந்திருந்தாலும் காப்பாத்தி இருப்போம்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் நல்லவர். ஆனால் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் அவர் சொல்லவில்லை. நான் அந்த இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன். கிளம்பும்போது, "இருக்கிற காது பத்திரம். ரொம்பச் சத்தம் வேண்டாம்" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பாய் கொடுத்த ஹெட்ஃபோனைப் பையில் போட்டுக் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

"இருக்கற ஒரு காதையும் பூட்டி வெக்கணுமா?" என்று கேட்டாய்.

"அந்த ஒண்ணாவது நிலைக்கணும்ல?"

"அப்ப உன் மெஷினையும் நிறுத்து. அதுவும்தான் என் காதுல உழுது."

நான் போய் மெஷினை மிதித்தேன். அப்புறம் இருபது நாளைக்கு மேல் நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் மெஷினை ஓட்டுவேன், நீ அதற்கு மேல் ஸ்பீக்கரை ஏற்றுவாய். பத்திரப்படுத்துகிறேன் என்று சொல்லி நான் உன் காதில் முன்னைவிட அதிகச் சத்தத்தைத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன். அது ஒருநாள் எனக்கே உறைத்தது. உனக்குத் தெரியாமல் தனியாகப் பாய் கடைக்குப் போனேன்.

பாய் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தங்கச்சி, உன் பொண்ணு சத்தமா வெக்கறது பாட்டுக்காக இல்ல. உன் மெஷினை ஜெயிக்கறதுக்கு. வெளிய இருக்கறத வெளியவே நிறுத்திட்டா, உள்ள மெதுவா வெச்சாலே தெளிவாக் கேக்கும். முதல்ல நான் குடுத்தது பஞ்சு வெச்சது. அது சத்தத்தை அடைக்காது, திறந்த ஜன்னல் மாதிரி. அடைக்கறது ரெண்டு தினுசு இருக்குது. காது ஓட்டைக்குள்ள ரப்பரா நுழையறது ஒண்ணு. முழுக் காதையும் கிண்ணம் மாதிரி மூடிக்கறது ஒண்ணு." எடுத்துக் காட்டச் சொன்னேன். மேசைமேல் வைத்ததும் என் கை தன்னால் வேலையைத் தொடங்கிவிட்டது. கிண்ணத்தின் விளிம்பில் வைத்துத் தைத்திருந்த ரெக்சின் மெத்தையை அழுத்திப் பார்த்தேன். ஒன்று அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது, இன்னொன்று மெதுவாக எழும்பி வந்தது. ஒன்றில் தையல் உள்பக்கமாக மேடிட்டு இருந்தது. அது ஒரு மணி நேரத்தில் தோலில் தடம் போட்டுவிடும். ஒன்றில் இரண்டு தையலுக்கு நடுவே கோணல் விழுந்து சுருக்கம் இருந்தது. சுருக்கம் இருக்கிற இடத்தில் காற்றுப் புகும், காற்றுப் புகுந்தால் சத்தமும் புகும். பாய் சிரித்துவிட்டார். "இருவது வருஷமா விக்கறேன், இப்படி ஒருத்தரும் தடவிப் பாத்ததில்ல" என்று சொல்லி, பஞ்சு வைத்தது, ரப்பர், கிண்ணம் என்று மூன்றையும் ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். உன்னை உன் நாற்காலியில் உட்காரவைத்து, நான் பழைய துணி ஒன்றைப் போட்டு மெஷினை முழு வேகத்தில் ஓட்டினேன். அது போதாது என்று உன் அப்பா பின்னால் நின்று, "ஓரிக்கை எறங்கு, ஓரிக்கை எறங்கு! படியில நிக்காதே, உள்ள போ!" என்று பஸ்ஸில் கத்துவது போலவே கத்தினார். பாட்டின் வரி தெளிவாகக் கேட்கிற வரைக்கும் மட்டும் சத்தத்தைக் கூட்டு, அங்கே நிறுத்திச் சொல்லு என்பது ஏற்பாடு. பஞ்சு வைத்ததில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றியும் நீ உதட்டைப் பிதுக்கினாய். ரப்பரில் கொஞ்சம் வைத்ததுமே கேட்டுவிட்டது. ஆனால் அரை மணியில் காது உள்ளே அரிக்கிறது, வலிக்கிறது என்று கழற்றினாய். கிண்ணம் கொஞ்சம் கனம். முதலில் அதுவும் அடைக்கவில்லை. பார்த்தால் உன் ஜிமிக்கி விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜிமிக்கியைக் கழற்றிப் பொட்டுக் கம்மல் போட்டுவிட்டேன், பின்னலைக் கீழே இறக்கினேன். மறுபடி மாட்டியதும் உன் முகம் மாறியது. பாதிக்கும் குறைவாக வைத்து, "போதும்மா, போதும்" என்றாய். உன் அப்பா தொண்டை கட்டும்வரை கத்தினார். நீ திரும்பவே இல்லை. வலது காதுக்கு மட்டும் ஒன்று போதுமே, ஒற்றைக் கிண்ணம் கிடைக்குமா என்று அவர் கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் இருக்கட்டும்பா, எல்லாரும் போடற மாதிரி" என்றாய்.

மறுநாள் அதையே வாங்கப் போனபோதுதான் பாய் இன்னொன்று சொன்னார். பாட்டை இரண்டாகப் பிரித்துப் பாதி வாத்தியத்தை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் போடுவார்களாம். வலது பக்கம் மட்டும் கேட்டால் உனக்குப் பாதிப் பாட்டுதான். அவரே உட்கார்ந்து பற்றவைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து வரும்படி கம்ப்யூட்டருக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன ஒயர் ஒன்றைச் செய்தார். வீட்டில் அதை மாட்டி, தினமும் கேட்கிற அந்தப் பாட்டையே நீ போட்டாய். ஒற்றை ஸ்பீக்கரில் அதுவரை வந்ததும் பாதிப் பாட்டுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அம்மா! இதுல வயலின் இருக்குதும்மா! பாடறவங்க நிறுத்தற எடத்துல ஒரு வயலின் வருதும்மா!" என்று கத்தினாய். காது மூடியிருந்ததால் எவ்வளவு உரக்கக் கத்துகிறாய் என்று உனக்கே தெரியவில்லை. தறிக்காரர் வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். சாயங்காலம் கார் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் வருதுன்னு தெரியலம்மா, ஆனா பின்னால ஒரு கார் வருதுன்னு இப்ப தெரியுது. அது போதும்" என்றாய்.

நல்ல காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காதே என்று பயந்தேன். "கூப்பிடணும்னா எழுந்து வந்து தோளைத் தொடும்மா" என்றாய். உட்கார்ந்த இடத்திலிருந்தே பத்து வருஷம் கத்திக் கூப்பிட்டவள், அன்றிலிருந்து மெஷினை நிறுத்தி, எழுந்து, நாலடி நடந்து வந்து உன் தோளைத் தொட ஆரம்பித்தேன். நடந்து வருவதற்குள் பாதிக் கோபம் போய்விடும். வந்த இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் குமிழி உடைக்கக் கற்றுக்கொண்டேன். நீ பள்ளிக்கூடம் போன பிறகு நான் ஆடி உன் பேரில் இருந்த பாயின்ட் கணக்கைத் தாண்டிவிட்டதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அது நான்தான்.

இவ்வளவும் கற்றுக்கொண்டவள் மறுபடி ஒரு தப்புச் செய்தேன். நீ காலேஜ் முடித்ததும் பெண் பார்க்க ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். "காது விஷயத்தப் பத்தி வாயத் தெறக்காத. பேசறவங்க எல்லாரையும் உன் வலது பக்கம் உக்கார வெக்கறேன். மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னேன். அன்று காலையில் நாற்காலிகளை நானே இழுத்துப் போட்டேன். எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பையனின் அத்தை தண்ணீர் குடிக்க எழுந்தவர், திரும்பிவந்து உன் இடது பக்கம் உட்கார்ந்து என்னவோ கேட்டார். நீ பதில் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டார். "இன்னா, பொண்ணு நம்மள மதிக்கவே மாட்டேங்குது?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னதும்தான் நீ திரும்பினாய். நான் கண்ணால் வேண்டாம் என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்தபடியே சொன்னாய்: "எனக்கு இந்தக் காது கேக்காதுங்க. இந்தப் பக்கம் வந்து பேசுங்க." அவர்கள் காப்பியைக் குடித்தார்கள், போனார்கள், அப்புறம் தகவல் இல்லை. நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். நீதான் என் மெஷினை நிறுத்தி, என் தோளைத் தொட்டுச் சொன்னாய். "மறைச்சுக் கட்டிக் குடுத்தா, அந்த வீட்ல நான் காலம் பூரா நாற்காலி பாத்துப் பாத்து உக்காரணும்மா. உனக்கு அது பரவால்லயா?" நான் வெட்கப்பட்டது உன் காதுக்காக என்று அதுவரை நினைத்திருந்தேன். என் தவறு ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் வெட்கப்பட்டேன் என்பது அன்றுதான் புரிந்தது.

பிறகு சென்னையில், டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடிக்கிற வேலைக்குப் போனாய். இன்டர்வியூவில் முதல் வார்த்தையாகக் காதைப் பற்றிச் சொன்னதாகவும், "கேட்டு அடிச்சுக் காட்டுங்க, அது போதும்" என்று அவர்கள் சொன்னதாகவும் வந்து சொன்னாய். காதை வைத்தே சம்பாதிக்கிறாளே என்று உன் அப்பா பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார். அங்கேதான் மாப்பிள்ளையைப் பார்த்தாய். அவர் முதல்முறை நம் வீட்டுக்கு வந்தபோது சின்ன காஞ்சிபுரம் கோயிலுக்குப் போனோமே, நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ரோட்டைத் தாண்டும்போது நீ இடம் மாறினாய். அவர் பேச்சை நிறுத்தாமலே பின்னால் சுற்றி உன் வலது பக்கம் வந்து சேர்ந்துகொண்டார். எனக்கு வேறெதுவும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவர் கேட்டதற்குப் பதில். அவரைத் தனியாக வாங்கவிடாதே, நீயும் கூடப் போ. தலையும் காதும் உன்னுடையவை. இந்தக் காலத்துக்கு எத்தனையோ புதுசு வந்திருக்கும், பாய் சொன்ன இரண்டு தினுசும் அதற்குள் எங்கோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்காகக் கேம் ஆடுகிறவள் நீ, உனக்குக் கிண்ணம்தான் சரி. பொட்டுக் கம்மலோடு போ. மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாவது கடையிலேயே உட்கார், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மெத்தையை அழுத்தி எழும்புகிறதா பார், தையலைத் தடவு. தலையைக் குனிந்தால் நழுவக்கூடாது, நெற்றிப்பொட்டில் இறுக்கவும் கூடாது. மெத்தை பிய்ந்தால் மாற்று மெத்தை கிடைக்குமா என்று கேள். கடைக்கு வெளியே ரோட்டோரம் கொண்டுபோய் மாட்டி, சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேள். வரி தெளிவாகக் கேட்டால் அது உன்னுடையது. ஏற்ற வேண்டியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. பாய் செய்துகொடுத்த கலக்குகிற ஒயரைக் கையோடு எடுத்துப் போ. ரோட்டில் நடக்கும்போது மட்டும் மாட்டாதே. இதை ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. ஓரிக்கை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் உன்னை உட்காரவைத்ததால், அவரும் ஐயரும் உன் கேட்காத பக்கம் வந்துவிட்டார்கள். மேளமோ காதைக் கிழித்தது. ஐயர் உன்னிடம் கையை நீட்டச் சொன்னார். நீ புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நெருப்பைப் பார்த்தபடி இருந்தாய். மறுபடி சொன்னார். எனக்குப் பின்னால் யாரோ, "பொண்ணு இன்னா இப்படி பேந்தப் பேந்த முழிக்குது?" என்றார்கள். மாப்பிள்ளை உன் பக்கம் குனிவதற்குள் நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேளத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "சாமி! என் பொண்ணுக்கு எடது காது கேக்காது! வலது பக்கம் வந்து சொல்லுங்க!" என் நேரம், நான் வாயைத் திறந்த அந்த நொடியில் மேளம் நின்றது. அவ்வளவும் மண்டபத்தின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. நான் கத்தி முடிப்பதற்குள்ளேயே நீ நெருப்பைப் பார்த்தபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். உன் மாமியார்தான், "அதான் தெரியுமே சம்பந்தி, எங்க காதும் போயிடப் போவுது, கொஞ்சம் மெதுவா" என்றார். மண்டபமே சிரித்தது. ஐயரும் சிரித்துக்கொண்டே மணையை இழுத்துப் போட்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். நீ மேடையில் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

ஆல்பம் இன்று காலையில் வந்தது. போட்டோக்காரர் அந்த நொடியைப் பிடித்துவிட்டிருக்கிறார். அதில் நீ பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாய். நான் பின்னால் வாயைத் திறந்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, முந்தானை சரிந்து நிற்கிறேன். "இது நல்லாவே இல்ல, எடுத்துட சொல்லிடலாமா?" என்று உன் அப்பா கேட்டார். உனக்கு அனுப்புகிற ஆல்பத்தில் அதை முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

மெஷினை நிறுத்திவிட்டு எழுதிய
உன் அம்மா